மெயின்பிரேம் நினைவகம் நிரம்பும்போது

ஒரு மெயின்பிரேம் கணினியில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பணிகள் ஓடும். வங்கியில் ஏடிஎம் கோரிக்கைகள் வந்தபடி இருக்க, பின்னணியில் வட்டிக் கணக்கும் நடக்கும். எல்லாப் பணிகளும் கேட்கும் இடத்தைக் கூட்டினால் முதன்மை நினைவகம் போதாது. இந்தப் பற்றாக்குறையைச் சமாளிப்பது மெய்நிகர் நினைவகம். இதற்கு வழிகாட்டியது 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி. ஐபிஎம் 1972இல் தன் சிஸ்டம்/370 வரிசைக்கு இதை அறிவித்தது.

ஐபிஎம் மெயின்பிரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ், நினைவகத்தை 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்துக் கையாள்கிறது. அடிக்கடி தேவைப்படும் பக்கங்கள் முதன்மை நினைவகத்தில் இருக்கும். மற்றவை வட்டுக்குப் போகும். ஒவ்வொரு பக்கத்துக்கும் வன்பொருள் இரு குறிகள் வைத்திருக்கிறது: அது பயன்பட்டதா, மாற்றப்பட்டதா. காலியிடம் குறையும்போது நெடுநேரம் பயன்படாத பக்கங்களே முதலில் வெளியேறும். மாறாத பக்கத்துக்கு வட்டில் ஏற்கெனவே நகல் இருந்தால் அதை மறுபடி எழுத வேண்டியதில்லை.

சுமை எல்லை மீறினால், வெளியேற்றிய பக்கமே அடுத்த நொடி தேவைப்படும். வட்டு ஓயாமல் சுழல, செயலி வேலையின்றிக் காத்திருக்கும். ஒரு நிரல் அண்மையில் தொட்ட பக்கங்கள் மொத்தமாக நினைவகத்தில் இருக்க இடம் இருந்தால்தான் அதை ஓடவிட வேண்டும் என்று 1968இல் பீட்டர் டென்னிங் விளக்கினார். ஆகவே நெரிசலில் சில பணிகளை முழுதாக நிறுத்திவைப்பதே எல்லாருக்கும் லாபம். இசட்/ஓஎஸ்ஸும் முக்கியம் குறைந்த பணிகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும்.

வட்டில் பக்கங்களுக்கென ஒதுக்கிய இடமும் நிரம்பக்கூடும். அது 70 சதவீதத்தை எட்டியதும் ஆபரேட்டரின் திரையில் ‘ஐஆர்ஏ200ஈ’ என்ற எச்சரிக்கை வரும். புதிய பயனர்கள் உள்ளே நுழைய முடியாது. 85 சதவீதத்தில் நிலைமை நெருக்கடி. ஆபரேட்டர் ‘பேஜ்ஆட்’ கட்டளையால் இடத்தைக் கூட்டலாம்; அல்லது இடத்தை விழுங்கும் பணியைக் கண்டுபிடித்து ரத்து செய்யலாம்.

நெருக்கடி வராமல் தடுக்க, ஒவ்வொரு பணிக்கும் ‘ரீஜன்’, ‘மெம்லிமிட்’ அளவுகளால் உச்சவரம்பு வைக்கப்படுகிறது. டிபி2 போன்ற தரவுத்தளங்கள் வேகத்துக்காகச் சில பக்கங்களை வெளியேற்ற முடியாதபடி பூட்டிவைக்கும். அவை பெருகினால் வட்டில் எவ்வளவு இடம் சேர்த்தும் பயனில்லை. பூட்டும் அளவைக் குறைக்க வேண்டும் அல்லது முதன்மை நினைவகத்தையே கூட்ட வேண்டும்.