"வேண்டாம்" என்றார்கள், பிரித்துவிட்டார்கள்!

புதுக்கோட்டைக்குப் போகிறவர்கள் திருக்கோகர்ணத்துக்குப் போகாமல் திரும்புவதில்லை. குன்றைக் குடைந்த சந்நிதியில் கோகர்ணேசுவரர், அருகே பிரகதாம்பாள். தொண்டைமான் மன்னர்கள் வழிபட்ட இந்த அம்பாளின் திருவுருவத்தைத்தான் சமஸ்தானத்து அம்மன் காசில் பொறித்தார்கள். நவராத்திரியில் அரிசியோடு அந்தக் காசையும் ஜனங்களுக்கு வழங்குவது வழக்கம். அதனாலே அவளுக்கு 'அரைக்காசு அம்மன்' என்று பெயர். வீட்டில் ஏதாவது பொருள் காணாமற் போனால் அவளை நினைத்து வெல்லம் வைத்து வேண்டிக்கொள்வது வாசகிகளில் பலருக்குப் பழக்கமாயிருக்கும். மூக்குத்தியோ, சாவிக்கொத்தோ அகப்பட்டுவிடும் என்று நம்பிக்கை.

ஆனால், பிழைக்கப் போன தேசமே கைவிட்டுப் போனால்?

கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டுத் திண்ணையில் அந்தப் பாட்டியம்மாளைச் சந்தித்தேன். வயதை விசாரித்தேன்.

"பர்மா பிரிஞ்ச வருஷம் பொறந்தவ தம்பி. நீங்களே கணக்குப் போட்டுக்குங்க!" என்று சிரித்தார்.

அவருடைய தகப்பனார் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் வட்டிக் கடையில் கணக்கு எழுதினவர். மூன்று வருஷம் அங்கே. சில மாதங்கள் இங்கே. மிச்சம் பிடித்த பணத்தையும் முதலாளியிடமே வட்டிக்குப் போட்டு வைத்திருந்தார்.

"எங்க அம்மா சாகிற வரைக்கும் ஒண்ணு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 'ஓட்டுப் போட்டு வேண்டாம்னு சொன்னாங்களே, அப்புறமும் ஏன் பிரிச்சாங்க?'ன்னு. எங்க அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியலை."

அந்த அம்மாளின் கேள்விக்குப் பதில் தேடிப் பழைய கணக்கைப் புரட்டுவோமா?

ஒரே வீட்டில் இரண்டு கட்டு

1824-க்கும் 1885-க்கும் இடையே மூன்று யுத்தங்கள் நடத்தி ஆங்கிலேயர் பர்மாவைப் பிடித்தார்கள். பிடித்ததை இந்தியாவோடு ஒரு மாகாணமாகச் சேர்த்துவிட்டார்கள். அப்புறம் சென்னையில் கப்பலேறி ரங்கூனில் இறங்குவது, ஒரே வீட்டில் முன்கட்டிலிருந்து பின்கட்டுக்குப் போகிற மாதிரிதான். பாஸ்போர்ட் கிடையாது. அங்கேயும் ரூபாய்தான். 1931-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி பர்மாவில் இருந்த இந்தியர் பத்து லட்சத்துக்கு மேல். ரங்கூன் நகரத்தில் பாதிப் பேருக்கு மேல் நம்மவர்கள்!

பர்மியருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதையும் யோசிக்கத்தானே வேண்டும்? துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போட்டி. 1930 மே மாதத்தில் அங்கே கலகமே மூண்டது. அதே சமயத்தில் உலகமெங்கும் வியாபார மந்தம். நெல் விலை விழுந்தது. கடன்பட்ட குடியானவர்களின் நிலங்கள் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போயின. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930-ல் 6 சதவிகித நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 சதவிகிதம். நிலத்தை இழந்தவனுக்கு மனக்கசப்பு ஏற்படாமல் இருக்குமா?

42-ம் 29-ம்

இவ்வளவு கசப்பு இருந்தும், "பிரியலாமா?" என்று கேட்டபோது பர்மியர்கள் "வேண்டாம்" என்றார்கள். அதுதான் இந்தக் கதையில் விசித்திரம்.

1931 நவம்பரிலிருந்து 1932 ஜனவரி வரை லண்டனில் பர்மா வட்டமேஜை மகாநாடு நடந்தது. முடிவில் பிரிட்டிஷ் பிரதம மந்திரி ராம்ஸே மக்டனால்டு, "பிரிந்து போகிறீர்களா, இந்திய சமஷ்டியில் சேருகிறீர்களா? சேர்ந்தால் நினைத்தபோது விலக முடியாது" என்கிற பொருள்பட நிபந்தனை போட்டார்.

இந்தியாவுக்குச் சீக்கிரம் சுயாட்சி வந்துவிடும், தனியே பிரிந்தால் நாம் மட்டும் வெள்ளைக்காரனிடம் மாட்டிக்கொள்வோம் என்று பர்மியருக்குப் பயம். 1932 நவம்பரில் தேர்தல். பிரிவினையை எதிர்த்தவர்களுக்கு 42 ஸ்தானம், ஆதரித்தவர்களுக்கு 29. எதிர்த்த தலைவர்களில் முக்கியமானவர் டாக்டர் பா மா. கலகக்காரர் சயா சானுக்காகக் கோர்ட்டில் வாதாடிப் பெயர் பெற்ற வக்கீல்.

வெற்றி பெற்றவர்கள் சட்டசபையில் என்ன செய்தார்கள்? "நீங்கள் சொல்கிற மாதிரிப் பிரிவதற்கும் சம்மதமில்லை, விலக முடியாதபடி நிரந்தரமாகச் சேருவதற்கும் சம்மதமில்லை" என்று டிசம்பரில் தீர்மானம் போட்டார்கள். எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல அவர்களால் முடியவில்லை. அந்த முடிவையும் லண்டனே செய்துகொண்டது. 1935-ல் சட்டம் வந்தது. 1937 ஏப்ரல் 1-ந் தேதி பர்மா பிரிந்தது. பிரிந்த பர்மாவின் முதல் பிரதம மந்திரி யார் தெரியுமா? பிரிவினையை எதிர்த்த அதே பா மாதான்!

ஓட்டுப் போட்டவர்கள் ஏமாந்தார்கள். ஓட்டே இல்லாமல் திருக்கோகர்ணத்தில் காத்திருந்த மனைவிமார்களைக் கேட்பார் யார்?

வெல்லம் வைத்தவர்

அடுத்த வருஷமே, 1938-ல், ரங்கூனில் இந்தியருக்கு விரோதமாகப் பெருங் கலகம். 1941-ல் இந்தியர் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம். காந்திஜி அதைக் கண்டித்தார். அந்த டிசம்பரில் ரங்கூனில் ஜப்பானியரின் குண்டு விழுந்தது. நாலைந்து லட்சம் இந்தியர் புறப்பட்டார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள்.

"ஆறு மாசமாக் கடுதாசி இல்லை. 'மூக்குத்தி தொலைஞ்சா கொடுக்கிறியே, என் புருஷனைக் கொடுக்க மாட்டியா?'ன்னு அம்மா தினமும் வெல்லம் வைப்பாங்களாம். ஒருநாள் வாசல்லே தாடியும் மீசையுமா ஒருத்தர். பிச்சைக்காரர்னு நினைச்சுட்டாங்க. அப்பாதான்! மணிப்பூர் வழியா நடந்தே வந்திருக்கார். கையிலே இதுதான் இருந்தது."

உள்ளே போய் எடுத்து வந்து காட்டினார். அரக்குப் பூசிய சிறிய மூங்கில் வெற்றிலைப் பெட்டி.

"பணம் என்ன ஆயிற்று பாட்டி?"

"முதலாளிக்கே எல்லாம் அங்கே நிலத்திலே முடங்கிப் போச்சு. அவரை என்னன்னு கேக்கிறது?"

1948 ஜனவரி 4-ந் தேதி பர்மா சுதந்திரம் பெற்றது. அதே வருஷம் நிலங்களைத் தேசீயமாக்கச் சட்டம் வந்தது. 1962-ல் ராணுவ ஆட்சி. 1964-ல் கடைகளும் பறிபோயின. மிச்சமிருந்தவர்களிலும் லட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். அப்படி வந்தவர்களில் பலர் பிழைக்க வழி தேடியதில் எழுந்ததுதான் சென்னையின் பர்மா பஜார்.

பிறருக்குப் பாகம் பிரித்த லண்டனுக்கும் ஒருநாள் இதே சங்கடம் வந்தது. 2016-ல் ஐரோப்பிய ஐக்கியத்திலிருந்து விலக 52 சதவிகிதம் பேர் ஓட்டளித்தார்கள். எப்படி விலகுவது? 2019 மார்ச்சில் எட்டு யோசனைகள் பார்லிமெண்டு முன் வந்தன, எட்டையும் நிராகரித்தார்கள்! 2020 ஜனவரி 31-ந் தேதி ஒருவழியாக வெளியே வருவதற்குள் இரு தரப்பாரும் அலுத்துப்போனார்கள்.

வீட்டில் பாகப்பிரிவினை என்றால், கிணறு யாருக்கு, நடை யாருக்கு, வயதான தாயார் யாரோடு என்பதையெல்லாம் முன்னாலேயே பேசிவிடவேண்டும் என்று நம் பெண்களுக்குத் தெரியும். தேசங்களைப் பிரிப்பவர்கள் அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

விடைபெறும்போது பாட்டியிடம் மெதுவாகக் கேட்டேன்: "அம்மன் பணத்தையும் மீட்டுக் கொடுத்திருக்கக் கூடாதா?"

பாட்டி வெற்றிலைப் பெட்டியை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மனுஷனைக் கொடுத்தாளே, போதாதா? அவ அரைக்காசு அம்மன் தம்பி. அத்தனை பெரிய கணக்கை அவ தலையிலே போடலாமா?"