மாரடைப்பு: காத்திருக்க நேரமில்லை



வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு இறுகினால் நாம் முதலில் சொல்வது, "வாய்வாக இருக்கும்" என்பதுதான். இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் கொடுத்துவிட்டு, விடியட்டும் என்று இருந்துவிடுகிறோம். அந்த நேரத்தில் இதயத்தினுள் நடப்பதை அறிந்தால் காத்திருக்க மனம் வராது.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாடி அடைபடுவதே மாரடைப்பு. இரத்தம் நின்றால் பிராணவாயுவும் நின்றுவிடும். இதயம் வழமையாகத் தனது சக்தியில் பெரும்பகுதியைக் கொழுப்பிலிருந்து பெறுகிறது. கொழுப்பை எரிக்கப் பிராணவாயு கூடுதலாகத் தேவை. குளுக்கோஸுக்குக் குறைவாகப் போதும். பிராணவாயு இல்லாமலே ஓரளவு சக்தி தரவும் அதனால் முடியும்.

இதை வைத்து, 1962இல் மெக்சிக்கோ நாட்டு இதய வைத்தியர் சொடி பல்லாரெஸ் ஒரு சிகிச்சையை முன்வைத்தார். குளுக்கோஸ், இன்சுலின், பொட்டாசியம் மூன்றையும் கலந்து நாளத்தினூடாக ஏற்றுவதே அது. இன்சுலின் மற்ற இரண்டையும் தசைக் கலங்களுக்குள் சேர்க்கும். பொட்டாசியம் இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் என்பது எதிர்பார்ப்பு.

பலன் கிடைத்ததா? 2005இல் வெளியான, 20,000 பேருக்கு மேற்பட்டோர் பங்குபற்றிய ஆய்வில் ஏமாற்றமே மிஞ்சியது. 30 நாட்களுக்குள் இறந்தோர் மருந்து பெற்றவர்களில் 10.0 வீதம், பெறாதவர்களில் 9.7 வீதம். பலருக்கும் வலி தொடங்கிச் சில மணித்தியாலங்களின் பின்னரே மருந்து ஏற்றப்பட்டிருந்தது.

அப்படியானால் முந்திக் கொடுத்தால் என்ன? அமெரிக்காவில் அம்புலன்ஸிலேயே அதை ஏற்றிப் பார்த்தார்கள். 2012இல் முடிவு வெளியானது. மாரடைப்பு முற்றுவதை அது தடுக்கவில்லை. ஆனால் இதயம் நின்றுபோனவர்கள் அல்லது வைத்தியசாலையில் இறந்தவர்கள், மருந்து பெறாதோரில் 8.7 வீதமாக இருக்க, பெற்றோரில் 4.4 வீதமாக இருந்தனர். ஒரே ஆய்வு போதாது என்பதால் இது இன்னும் வழமையான சிகிச்சையாகவில்லை. அடைப்பை விரைவாக நீக்குவதே இன்றும் முதன்மைச் சிகிச்சை.

இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுக்கவோ, இன்சுலின் ஊசி போடவோ வேண்டாம். அது ஆபத்து. அளவு பார்த்து, இரத்தத்தைச் சோதித்துச் செய்யவேண்டிய வேலை அது.

நம் கையில் இருப்பது நேரம் மட்டுமே. நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால் உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாகவே வரும். பெண்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் நெஞ்சுவலி அதிகம் தெரியாமல், வாந்தியும் களைப்பும் மட்டுமே வரலாம். ஆகவே உங்கள் உடம்பையும் அலட்சியம் செய்யாதீர்கள். "பிள்ளைகள் எழும்பட்டும், சமையல் முடியட்டும்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஷிபா அளிப்பவன் அல்லாஹ். வைத்தியத்தை நாடுவது நமது கடமை. துஆவை அம்புலன்ஸில் போகும்போதும் கேட்கலாம்.