பொம்மையை இயக்குகிறவர்

நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று ஆட்கள் வயலில் இறங்கும் மாதங்களில் காவிரி டெல்டாவின் பாபநாசம் பக்கத்துக்குப் பாம்புக்கடி புதிதல்ல. கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போகும். ஈரமில்லாத சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உடம்பு தடிக்கும், மூச்சு இழுக்கும், பிரஷர் இறங்கும். அதை முதலில் பார்ப்பவர் கட்டிலருகே நிற்கும் நர்ஸ்தான்.

அந்தச் சில நிமிடங்களை நிஜ நோயாளியை வைத்துப் பழக முடியாது. அதற்குத்தான் பொம்மையை நோயாளியாக வைத்துப் பழகும் ஸ்கில் லேப். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனை நர்சிங் பள்ளிக்காக 1911-இல் மார்த்தா சேஸ் செய்த ஆளுயரப் பொம்மைக்கு மூச்சில்லை, நாடியில்லை. இன்றைய பொம்மைக்கு இரண்டும் உண்டு. இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டமும் ஸ்கில் லேப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறது. அதை நடத்த வேண்டிய ட்யூட்டரை யார் தயார் செய்தார்கள்?

வகுப்பில் கணீரென்று பாடம் நடத்துபவரே லேபில் தயங்குவதைப் பார்க்கலாம். அது அவர் குறையல்ல. பாடத்தில் அடுத்தது என்ன என்பது அவர் கையில்; லேபில் அது மாணவி கையில். மாணவி தவறினால் பொம்மையைச் 'சாக' விடுவதா, குறுக்கே பேசுவதா? மெஷின் நின்றுபோனால்?

இவற்றைவிடக் கடினம், முடிந்தபின் உட்கார்ந்து பேசுவது. "ஏன் ட்ரிப்பை நிறுத்தல?" என்று எல்லார் முன்னாலும் அதட்டினால் மாணவி தலைகுனிவாள், அவ்வளவுதான். "தடிப்பைப் பார்த்ததும் என்னம்மா தோணுச்சு?" என்று கேட்டால், "நானா நிறுத்தலாமான்னு பயமா இருந்துச்சு மேடம்" என்று பதில் வரும். பாடம் தெரியாததல்ல, துணிச்சல் வராததுதான் காரணம் என்பது அப்போதுதான் புரியும். இப்படிக் கேட்பதற்குப் பயிற்சி வேண்டும்.

மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை அதற்குப் பதிலாக இப்படி லேபில் கற்பித்தாலும் மாணவிகள் பின்தங்குவதில்லை என்று 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அங்கே நடத்தியவர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள். இங்கே பொம்மை வாங்கப் பணம் ஒதுக்கும் நிர்வாகங்கள் ஆய்வின் இந்தப் பகுதியையும் படிக்க வேண்டும்.

டெல்டாவில் ட்யூட்டர்களுக்கான பயிற்சியை இந்தப் பாம்புக்கடியிலிருந்தே தொடங்கலாம். விலையுயர்ந்த பொம்மை இல்லாவிட்டால் சக மாணவியே நோயாளியாகப் படுக்கட்டும். ஒரு ட்யூட்டர் நடத்த, இன்னொருவர் குறிப்பெடுக்கட்டும். மாணவிகள் வருவதற்கு முன் ட்யூட்டர்கள் தங்களுக்குள் ஒருமுறை நடத்திப் பார்க்கட்டும். ஆண்டுக்குச் சில வாரம் அவர்களுக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் டியூட்டியும் போட வேண்டும். இதற்கான நேரத்தை டைம்டேபிளிலேயே காட்டினால்தான் நடக்கும். சனிக்கிழமை மாலைக்குத் தள்ளினால் நடக்காது.