உடையும் முன்பா, உடைந்த பின்பா?

கீழடிப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஒரு மாணவராவது கேட்டுவிடுகிறார்: "உடைஞ்ச பானையில என்ன சார் இருக்கு?" நான் எகிப்தின் ஒரு துறவி மடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குவேன்.

நைல் நதியின் மேற்குக் கரையில், லக்சர் நகருக்கு எதிரே உள்ள குன்றில், கி.பி. 600ஐ ஒட்டி எபிபானியஸ் என்ற கிறித்தவத் துறவி வாழ்ந்தார். பாரோக்கள் காலக் கல்லறை ஒன்றைச் சுற்றி அமைந்தது அவரது மடம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1910களில் அங்கே அகழாய்வு செய்தது. வின்லாக், கிரம் முதலியோரின் அறிக்கை 1926இல் இரு தொகுதிகளாக வந்தது. பாரோ காலப் பொருள்களைத் தேடிய பலர் இத்தகைய பிற்கால அடுக்குகளைக் குப்பையென வாரிக் கொட்டிய காலம் அது.

அந்தக் 'குப்பை'யில்தான் எழுத்துள்ள பானை ஓடுகளும் சுண்ணாம்புக்கல் சில்லுகளும் கிடைத்தன. பாப்பிரஸ் தாளுக்குக் காசு வேண்டும். உடைந்த சாடிக்கு வேண்டாம். அதன்மேல் நாணல் பேனாவால், மை தொட்டு, கடிதம் எழுதினார்கள். பாப்பிரஸ் கிடைக்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மன்னிப்புக் கேட்பதும் அப்பகுதிக் கடிதங்களில் உண்டு.

எனக்குப் பிடித்தவை பயிற்சி ஓடுகள். நெடுங்கணக்கு, மெனாண்டர் பெயரில் வழங்கும் நீதி வரிகள், ஹோமரின் இலியட் வரிகள்! நம் பிள்ளைகள் ஆத்திசூடி எழுதுவதுபோல, கிறித்தவ மடத்தில் பழைய கிரேக்கக் காவியத்தை எழுதிப் பழகியிருக்கிறார்கள்.

இதைக் கீழடியோடு அப்படியே ஒப்பிட்டுவிடக் கூடாது. கீழடி, கொடுமணல் ஓடுகளில் தமிழி எழுத்துகள் கீறப்பட்டவை; பல ஆட்பெயர்கள். எகிப்தின் குசெய்ர் அல்-காதிம் துறைமுகத்தில் கிடைத்த 'பானை ஒறி' என்ற தமிழி எழுத்தும் அவ்வகையே. அங்கெல்லாம் எழுத்து பானைக்கு உரியது. மடத்திலோ பானை செத்த பிறகு ஓடு தாளாகிறது.

இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். சொல் ஓட்டின் விளிம்பில் பாதியில் அறுந்திருந்தால், பெரும்பாலும் உடையும் முன் எழுதியது. ஓட்டின் வடிவத்துக்கேற்ப வரிகள் குறுகி மடங்கியிருந்தால், உடைந்த பின் எழுதியது. மண்பானை ஒன்றில் பெயர்கள் எழுதி உடையுங்கள். சில வெற்று ஓடுகளில் பிறகு எழுதுங்கள். இரண்டையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை போதும். கூரான விளிம்புகளை மட்டும் முன்னதாகத் தேய்த்துவிடுங்கள்.