இறங்கட்டும் டிக்காஷன்: பாம்பன் பாலத்தை இரவில் படமெடுப்பது எப்படி?

கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு கேமராவோடு போகிறவர்களில் பாதிப்பேர் ஒரே படத்தைத்தான் எடுத்து வருகிறார்கள்: பாறைகளுக்கு நடுவே ஐயாறு, துளி துளியாகத் தெரியாமல், வெள்ளையாகக் குழைந்து இறங்குவது. மர நிழலாக இருந்தாலும் பகல் பகல்தான். ஷட்டரைச் சில நொடி திறந்து வைத்தால் படம் வெளுத்துவிடும். அதனால் லென்ஸுக்கு முன்னால் என்.டி. என்கிற கறுப்புக் கண்ணாடியை மாட்டுவார்கள். ஆறு படி குறைக்கும் கண்ணாடி என்றால், வரும் ஒளியில் 64-ல் ஒரு பங்குதான் உள்ளே போகும். 1/8 நொடியில் முடிய வேண்டிய படத்தை எட்டு நொடிக்கு இழுக்கலாம்.

இதே வித்தையை பாம்பனில் இருட்டிய பிறகு செய்ய எந்தக் கண்ணாடியும் வேண்டாம். இருட்டே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அங்கே சிக்கல் வேறு மாதிரி.

காபி ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் பாத்திரத்தில் வெந்நீர், நடுவில் துளைத்தட்டு, கீழே டிக்காஷன் சேரும் பாத்திரம். துளையின் அளவுதான் அபர்ச்சர். நாம் காத்திருக்கும் நேரம் ஷட்டர். கீழ்ப் பாத்திரம் சென்ஸார். ஒரே ஒரு பாத்திரம் இல்லை. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்றாக இரண்டு கோடிக்கு மேல் குட்டிப் பாத்திரங்கள் அடுக்கியிருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். துளை பெரிதானால் டிக்காஷன் சீக்கிரம் இறங்கும், ஆனால் பொடியும் கூடவே வரும். லென்ஸை முழுசாகத் திறந்தால் ஓரங்கள் மசமசவென்று இருப்பதும் விளக்குகளைச் சுற்றிக் கசிவு தெரிவதும் அந்த வகை. எஃப் 5.6-லிருந்து எஃப் 8-க்குப் போனால் ஒளி பாதி, நேரம் இரட்டிப்பு. எஃப் 8-லிருந்து 11-க்கும் அதே கணக்குதான்.

அவசரக்காரர்கள் இங்கேதான் ஐஎஸ்ஓவை ஏற்றுகிறார்கள். தண்ணியாக இறங்கிய டிக்காஷனில் சிக்கரியைக் கலப்பது போலத்தான் அது. நிறம் வரும், ருசி வராது. ஐஎஸ்ஓ கூடினால் சென்ஸாருக்குள் ஒளி கூடுவதில்லை. சேர்ந்த கொஞ்ச ஒளியைத்தான் கேமரா பெருக்கிக் காட்டுகிறது, அதோடு சேர்ந்து மணல் தூவியது மாதிரியான புள்ளிகளும் பெருகும். ஒளி நாலு மடங்கு சேர்ந்தால்தான் அந்தப் புள்ளிகள் பாதியாகும். அதனால் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, பத்துப் பதினைந்து நொடி என்று தொடங்குங்கள். சிக்கரிக்கும் ஒரு உபயோகம் உண்டு, ருசி பார்க்க. ஐஎஸ்ஓ 6400-ல் கால் நொடிப் படம் ஒன்று எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் சரியாக இருந்தால், ஐஎஸ்ஓ 100-ல் அதற்கு 16 நொடி. இருட்டில் குத்துமதிப்பாக அரை நிமிடப் படங்களாக எடுத்துத் தள்ளுவதைவிட இது மேல்.

கீழ்ப் பாத்திரத்துக்கு ஒரு கொள்ளளவு இருக்கிறதே, அதை மறந்துவிடக் கூடாது. சென்ஸாரின் ஒவ்வொரு புள்ளியும் சில பல்லாயிரம் எலக்ட்ரான்களைத்தான் பிடித்து வைக்கும். அதற்கு மேல் வந்தது வழிந்து போகும். அந்த இடம் வெறும் வெள்ளை. சாலை விளக்கை நோக்கிய புள்ளி அரை நொடியில் நிரம்பிவிடும், கடலை நோக்கிய புள்ளி அரை நிமிடம் ஆனாலும் அடிமட்டத்தில் கிடக்கும். நள்ளிரவில் இரண்டையும் ஒரே படத்தில் சரிக்கட்ட முடியாது. ஆகவே நள்ளிரவுக்குப் போகாதீர்கள். சூரியன் மறைந்து இருபது முதல் நாற்பது நிமிடம் வரை வானத்தில் நீலம் மிச்சமிருக்கும். விளக்குகளும் எரிய ஆரம்பித்திருக்கும். பாலத்தின் இரும்பு வானத்திலிருந்து தனியாகப் பிரிந்து தெரிவதும் அப்போதுதான். ‘இரவுப் படம்’ என்று நாம் மெச்சுகிற பல படங்கள் உண்மையில் மாலைப் படங்கள்.

பாம்பனில் எதை எடுப்பது? 1914 முதல் ரயிலைச் சுமந்த பழைய பாலத்துக்கு மாற்றாகக் கட்டிய புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. நீளம் 2.08 கிலோமீட்டர். பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே மடங்கியது, புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே கிடைமட்டமாக 17 மீட்டர் உயரத்துக்கு ஏறும். அதைத் தாங்கும் இரண்டு கோபுரங்கள்தான் படத்துக்கு நெட்டுக்கோடு தருகின்றன. அவை இல்லாவிட்டால் பாம்பன் வெறும் படுக்கைக்கோடு. இந்தப் பாலத்தில் ரயிலுக்கு அனுமதித்த உச்ச வேகம் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50. எழுபத்தைந்தில் வந்தால் 15 நொடியில் 300 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஆகவே படத்தில் ரயில் இருக்காது, ஜன்னல்களின் மஞ்சள் கோடு மட்டும் இருக்கும். ரயில் வருவதற்கு இரண்டு நொடி முன்னால் ஷட்டரைத் திறங்கள். தண்டவாளத்தில் ஏறி எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அது சட்டப்படி குற்றம். அங்கிருந்து பாலமும் தெரியாது.

1988-ல் திறந்த இந்திரா காந்தி சாலைப் பாலத்தில் நின்று எடுப்பதே வழக்கம். பார்வை அருமை, ட்ரைபாடுக்கு மோசமான இடம். டிக்காஷன் இறங்கும்போது ஃபில்டரைத் தட்டினால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். லாரி ஒன்று கடந்தால் பாலம் அதிரும், அதிர்வு ட்ரைபாட் வழியாக ஏறி ஒவ்வொரு விளக்கையும் இரண்டாக்கும். வண்டி வரிசைக்கு நடுவே இடைவெளி பார்த்து எடுக்க வேண்டும், அல்லது கரைக்கு இறங்கிவிட வேண்டும். நான் கரையைத்தான் சொல்வேன். காற்றுக்கு ட்ரைபாடின் நடுத்தண்டை ஏற்றாதீர்கள். கேமராப் பையை அதில் கட்டி, பை தரையைத் தொட்டபடி இருக்கட்டும். தொங்கவிட்டால் அதுவே ஆடி ட்ரைபாடையும் ஆட்டும். லென்ஸின் அதிர்வுக் குறைப்பை அணையுங்கள். பட்டனை விரலால் அழுத்தாமல் இரண்டு நொடி டைமரை வையுங்கள். லென்ஸுக்குப் பாதுகாப்பாக மாட்டிய கண்ணாடியைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு விளக்குக்கும் வானத்தில் ஒரு பச்சை நிழல் விழும். உப்புக்காற்று கண்ணாடியில் படிந்துகொண்டே இருக்கும், துணி கையிலேயே இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் துறையில் கட்டியிருக்கும் விசைப்படகுகள் சொன்னபடி கேட்காது. பாலம் நிற்கிறது, படகு ஆடுகிறது. 15 நொடியில் பாலம் கூர்மையாக வரும். படகின் கொம்பு நாலைந்தாகப் பிரியும், அதில் எரியும் விளக்கு கோணல் கோடாகும். கைபேசியின் இரவு முறை இதைச் சாமர்த்தியமாகச் சமாளிக்கிறது: குறைந்த நேரப் படங்களை நிறைய எடுத்து, ஒன்றன் மேல் ஒன்று பொருத்தி, அசைந்த பகுதியை ஓரளவு ஒதுக்கிவிடும். கைபேசித் திரையில் பார்க்க அது போதும், சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினால் படகின் பலகையெல்லாம் மெழுகி வைத்தது மாதிரி இருக்கும். கேமராவில் செய்ய வேண்டுமானால், ட்ரைபாடை அசைக்காமல் இரண்டு படம்: ஐஎஸ்ஓ 3200-ல் அரை நொடி படகுகளுக்கு, ஐஎஸ்ஓ 100-ல் 16 நொடி பாலத்துக்கு. இரண்டிலும் வெளிச்சம் ஒன்றே, பிறகு கணினியில் சேர்க்கலாம். படகுப் படத்தில் புள்ளி கொஞ்சம் கூடத்தான் இருக்கும், பரவாயில்லை. எனக்கு என்னவோ சேர்க்காமல் விட்ட 16 நொடிப் படம்தான் பிடிக்கிறது. அதில் படகுகள் கடலில் கிடக்கிற மாதிரி இருக்கின்றன. ஒட்டிய படத்தில் தரையில் நிறுத்தி வைத்த மாதிரி இருக்கின்றன.