விரல் நுனி நீர்



செல்வரும் இலாசரும் பற்றிய உவமையை (லூக்கா 16) நாம் பலமுறை செவிமடுத்திருக்கின்றோம். தீயின் நடுவே வேதனையுற்ற செல்வர், ஒரு குவளை நீர்கூடக் கேட்கவில்லை. இலாசர் விரல் நுனியை நீரில் தோய்த்துத் தன் நாவைக் குளிர்வித்தாலே போதும் என்றுதான் ஆபிரகாமிடம் மன்றாடுகின்றார். தாகத்தின் உச்சத்தில் மனிதன் எவ்வளவு சிறியதைக் கேட்கின்றான் பாருங்கள்!

அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இக்காட்சி நாளாந்தம் நிகழ்கின்றது. செயற்கைச் சுவாசத்துக்காக வாய்வழியே குழாய் செலுத்தப்பட்டவரின் வாய் எந்நேரமும் திறந்தே கிடக்கும். உடலில் தேங்கும் நீரை வெளியேற்றும் மருந்துகள் தாகத்தைக் கூட்டுகின்றன; வலிதணிக்கும் மருந்துகள் வாயை உலரவைக்கின்றன. "சேலைன் ஏறுகின்றதே, பிறகேன் விடாய்?" என உறவினர் வினவுவர். சேலைன் குருதியில் கலக்கின்றது. நாவை அது நனைப்பதில்லை. குழாய் குரல்நாண்களின் ஊடே செல்வதால், விடாய்க்கின்றது என்று வாய்விட்டுச் சொல்லவும் அவரால் இயலாது.

இந்நிலையைக் காணப் பொறாது, திருத்தலத்திலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைத் தாதியர் அறியாமல் ஒரு மிடறு வாயில் வார்த்துவிடுவோர் நம்மிடையே உண்டு. அவர்களது பக்தியை நான் குறைகூறவில்லை. ஆயினும் மயக்க மருந்தினாலோ, அண்மையில் குழாய் அகற்றப்பட்டதனாலோ விழுங்கும் ஆற்றல் குன்றியவருக்கு அந்த மிடறு சுவாசக் குழாயினுள் இறங்கி நியுமோனியாவை உண்டாக்கலாம். தீர்த்தத்தால் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுங்கள். அதற்கு எவரும் தடை சொல்லார்.

அப்படியாயின் தாகத்தை அவர் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானா? இல்லை. அமெரிக்காவின் தாதியியல் பேராசிரியை கத்லீன் புந்தில்லோவும் அவரது குழுவினரும் 252 அதிதீவிர சிகிச்சை நோயாளரிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. குளிர்ந்த, கிருமிநீக்கிய நீரை வாயினுள் தெளித்தார்கள். ஈரப்பஞ்சினால் வாயைத் துடைத்தார்கள். உதடுகளுக்கு மெந்தோல் கலந்த களிம்பு பூசினார்கள். பத்துப் புள்ளிகள் கொண்ட அளவீட்டில் இவர்களின் தாகம் சராசரியாக 2.3 புள்ளிகள் தணிந்தது. வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றோருக்கோ 0.6 மாத்திரமே. வயிற்றை நீர் அடையுமுன்னரே, வாயில் பட்ட குளிர்ச்சி தாகத்தைத் தணிக்கத் தொடங்கிவிடுகின்றது. விரல் நுனி நீரைக் கேட்ட செல்வர் அறியாமற் கேட்கவில்லை.

ஆகவே நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது, "வாயை நனைக்கலாமா?" என்று முதலில் தாதியிடம் கேளுங்கள். அனுமதித்தால், அவர் தரும் துணியைக் குளிர்நீரில் தோய்த்து, சொட்டாதவாறு நன்கு பிழிந்து, உதடுகளையும் நாவையும் மெல்ல ஒற்றுங்கள். முன்னர் எலுமிச்சையும் கிளிசரினும் சேர்ந்த பஞ்சால் துடைப்பார்கள். அது வாயை மேலும் உலர்த்திப் பற்களையும் அரிப்பதால் இப்போது அறிவுறுத்தப்படுவதில்லை. சிறுநீரகம் அல்லது இதய நோயினால் நீர் அளவு வரையறுக்கப்பட்டவருக்கு ஐஸ்துண்டு அனுமதிக்கப்பட்டாலும், அதுவும் அந்த அளவுக்குள் அடங்கும் என்பதை மறவாதீர்கள்.

வலிக்கின்றதா என்று எல்லோரும் கேட்கின்றோம். விடாய்க்கின்றதா என்று கேட்போர் அரிது. அவரது கையைப் பற்றி, ஆம் என்றால் ஒருமுறை கண்களை மூடுமாறு சொல்லிவிட்டு, கேளுங்கள்.