புகையிரதத்தின் பிறந்தகமும் பழைய இயந்திரங்களும்

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையிலே தைன், வியர், தீஸ் என்னும் மூன்று ஆறுகள் வடகடலிற் சென்று கலக்கின்றன. இவற்றுக்கு இடைப்பட்ட நிலம் மண்ணின் மேல் விளைந்த பொருளாலன்றி, மண்ணின் கீழ்க் கிடந்த நிலக்கரியாலேயே புகழ்பெற்றது. சுரங்கத்திலிருந்து எடுத்த கரியை ஆற்றங்கரைவரை கொண்டுசென்று கப்பலில் ஏற்றவேண்டும் என்ற தேவையே, இன்று உலகமெங்கும் ஓடுகின்ற புகையிரதத்தைப் பெற்றெடுத்தது. ஆதலின் அப்பகுதியைப் புகையிரதத்தின் பிறந்தகம் என்று சொல்லுதல் பொருந்தும்.

அந்தப் பிறந்தகத்திலே, இருநூறு ஆண்டுகளுக்கு முன் கரி இழுத்த இயந்திரங்களும், மக்களை ஏற்றிச்சென்ற பழைய பெட்டிகளும் சில இன்றும் நூதனசாலைகளிற் காட்சிக்கு நிற்கின்றன. அவற்றைக் காண்போர் மனத்தில் மூன்று கேள்விகள் எழுதல் இயல்பு. பழைய இரும்புக்கு என்றும் விலையுண்டு. அங்ஙனமிருக்க, இவை மட்டும் உலைக்களத்துக்குப் போகாமல் எவ்வாறு தப்பின? தப்பியவை நமக்கு எதனைச் சொல்கின்றன? இவை எந்த ஊரில், யாருடைய காவலில் நிற்பது முறை? இம்மூன்றாவது கேள்வி, அண்மைக் காலத்தில் அயலூர்கள் இரண்டிற்கிடையே பெரும் பிணக்காகவே மூண்டது. அதனைப் பின்னர்ச் சொல்லுவோம்.

முதலிற் பாதை பிறந்தது. இயந்திரம் பின்னரே பிறந்தது. நியூகாசில் நகருக்குத் தெற்கே தான்ஃபீல்ட் என்னும் இடத்தில், 1725 ஆம் ஆண்டில் மரத் தண்டவாளங்கள் இடப்பட்டு, அவற்றின்மேற் குதிரைகள் கரி வண்டிகளை இழுத்தன. அப்பாதைக்காகக் கட்டப்பட்ட கோசி வளைவு என்னும் கற்பாலம் இன்றும் சிதையாமல் நிற்கிறது. உலகில் எஞ்சியுள்ள புகையிரதப் பாலங்களுள் அதுவே மிகப் பழையது என்பர். அக்காலத்துக் கரி வண்டி, மேலே அகன்று கீழே ஒடுங்கிய மரத் தொட்டி போன்றது. ஒரு வண்டி 53 அந்தர், அதாவது இரண்டரைத் தொன்னுக்குச் சற்று மேற்பட்ட கரியைத் தாங்கும். இறக்கத்திலே வண்டி தானாக உருளும். வண்டியோட்டி மரத்தடை ஒன்றின்மேல் அமர்ந்து அதன் வேகத்தை அடக்குவான். தான்ஃபீல்டிலும், அதற்கு அணித்தாகவுள்ள பீமிஷ் திறந்தவெளி நூதனசாலையிலும் இத்தகைய வண்டிகளைக் காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெப்போலியனோடு நடந்த போரினாற் குதிரைத் தீவனத்தின் விலை ஏறிற்று. தைன் ஆற்றங்கரையில் வைலம் என்னும் சிற்றூரில் சுரங்கம் வைத்திருந்த கிறிஸ்தோபர் பிளாக்கெற், குதிரைக்குப் பதிலாக நீராவியை ஏவலாமா என்று எண்ணினார். வழுவழுப்பான சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தின்மேல் வழுக்காமற் பற்றுமோ என்பதே அன்று பலருக்கு ஐயம். சுரங்க மேற்பார்வையாளரான வில்லியம் ஹெட்லி, மனிதர் கைபிடியைச் சுழற்ற ஓடும் வண்டி ஒன்றைச் செய்து பரீட்சித்து, இயந்திரத்தின் பாரமே அதற்கு வேண்டிய பிடிப்பைத் தரும் என்று தெளிந்தார். அதன் பயனாக 1813, 1814 ஆம் ஆண்டுகளிற் பிறந்ததே 'பஃபிங் பில்லி' என்னும் இயந்திரம். உலகில் இன்று எஞ்சியுள்ள நீராவிப் புகையிரத இயந்திரங்களுள் மூத்தது அது. இலண்டன் விஞ்ஞான நூதனசாலையில் உள்ளது. அதனுடன் பிறந்த 'வைலம் டில்லி' ஸ்கொத்லாந்தின் எடின்பரோவில் இருக்கிறது.

இவ்வியந்திரங்களின் வாழ்க்கை வரலாறு நயமானது. இவற்றின் பாரம் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன. ஆகவே பாரத்தைப் பகிர்ந்தளிப்பதற்காக 1815 ஆம் ஆண்டளவில் நான்கு சக்கரங்கள் எட்டாக்கப்பட்டன. உறுதியான தண்டவாளம் வந்தபின், 1830 ஆம் ஆண்டளவில் மீண்டும் நான்காயின. 1822 இல் ஆற்றுப் படகோட்டிகள் வேலைநிறுத்தம் செய்தபோது வைலம் டில்லியைப் படகொன்றின்மேல் ஏற்றி, துடுப்புச் சக்கரங்களைச் சுழற்றச் செய்தனர். பஃபிங் பில்லி ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்து, 1862 இலேயே ஓய்வுபெற்றது; பின்னர் 200 பவுணுக்கு அரசினரின் நூதனசாலைக்கு விற்கப்பட்டது. முதற் கேள்விக்கு விடை இதிலே இருக்கிறது. இவை முதலிற் பிழைத்தது புகழினால் அன்று. பழுதுபார்த்துப் பழுதுபார்த்து வேலை வாங்கிய தொழிலாளரின் கையினாலே பிழைத்தன. மற்றவர் இவற்றின் அருமையை உணர்ந்த காலம்வரை, அவர்கள் இவற்றை உயிரோடு வைத்திருந்தனர்.

இதே வைலத்தில், கரி வண்டிப் பாதையோரத்துக் குடிசை ஒன்றில், 1781 ஆம் ஆண்டிற் பிறந்தவர் ஜோர்ஜ் ஸ்டீவன்சன். அவர் கில்லிங்வேர்த் சுரங்கத்திற் செய்த இயந்திரங்களுள் ஒன்றான 'பில்லி', தைன் ஆறு கடலோடு சேருமிடத்துக்கு அண்மையிலுள்ள நோர்த் ஷீல்ட்ஸ் ஊரில், ஸ்டீவன்சன் பெயரால் அமைந்த நூதனசாலையில் இருக்கிறது. அது 1826 ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2018 இல் ஆய்வாளர் அதன் உறுப்புகளைத் தனித்தனியே நுணுகி நோக்கி, அது 1816 ஆம் ஆண்டினது என்று முடிவுகட்டினர். எஞ்சியவற்றுள் மூன்றாவது மூத்த இயந்திரம் என்ற பெருமை அதற்குக் கிடைத்தது. ஏட்டிலே எழுதிய ஆண்டினும் இரும்பிலே எழுதிய ஆண்டு உறுதியானது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. படத்தையும் நூலையும் மட்டும் வைத்துக்கொண்டு பொருளைக் கைவிட்டிருந்தால், இவ்வுண்மை வெளிப்பட வழியே இல்லை.

இனி, இப்பகுதியின் தலைமகன் என்று சொல்லத்தக்க 'லொக்கொமோஷன்' முதலாம் இலக்க இயந்திரத்துக்கு வருவோம். 1825 செப்டெம்பர் 27 ஆந் திகதி ஸ்டொக்டன் – டார்லிங்டன் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. நீராவி இயந்திரத்தைப் பயன்படுத்திய முதலாவது பொதுப் புகையிரதப்பாதை அதுவே. நியூகாசிலில் ரொபேர்ட் ஸ்டீவன்சன் கம்பனியார் செய்த அவ்வியந்திரத்தை அன்று ஜோர்ஜ் ஸ்டீவன்சனே ஓட்டினார். கரியும் மாவும் ஏற்றிய வண்டிகளின் மேலும் நூற்றுக்கணக்கானோர் தொற்றிக்கொண்டு வந்தனர். பயணிகளுக்கென்று செய்த 'எக்ஸ்பெரிமென்ற்' என்னும் பெட்டி ஒன்றும் அவ்வரிசையில் இருந்தது. அடுத்த சில ஆண்டுகள் அப்பாதையிற் பயணிகளைக் குதிரைகளே பெரும்பாலும் இழுத்தன. இறக்கம் வந்ததும் குதிரையை அவிழ்த்து, வரிசையின் கடைசியிற் கோத்த தாழ்ந்த வண்டி ஒன்றில் ஏற்றிவிடுவர். இழுத்துவந்த குதிரை வைக்கோல் தின்றுகொண்டே பயணியாகப் போகும். 1840 களில் அதே பாதையில் ஓடிய பயணிகள் பெட்டி ஒன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது. மூன்று குதிரை வண்டிகளின் உடல்களை ஒன்றாக ஒட்டினாற் போன்றது அது. நடுவில் முதலாம் வகுப்பு, இரு புறமும் இரண்டாம் வகுப்பு. புதிய வாகனம் பிறந்த பின்னும் மக்களின் கண்ணும் தச்சனின் கையும் பழைய வாகனத்தை விடவில்லை என்பதை அப்பெட்டி சொல்லாமற் சொல்கிறது.

லொக்கொமோஷனின் வாழ்வு இனிய விழாவோடு முடிந்ததன்று. 1828 யூலை முதலாந் திகதி அதன் கொதிகலன் வெடித்து, சாரதி ஜோன் கிரீ உயிரிழந்தார். ஷில்டன் ஊரிலிருந்த தொழிற்சாலையின் பொறுப்பாளர் திமொதி ஹக்வேர்த் அதனைத் திருத்தி மீண்டும் ஓடச் செய்தார். 1841 இற் பாதையைவிட்டு நீங்கிய அது, பின்னர் ஒரு சுரங்கத்தில் நீர் இறைத்தது. அப்பாதையை அமைத்த பீஸ் குடும்பத்தார் அதனை மீட்டுச் செப்பனிட, 1857 இல் டார்லிங்டன் நோர்த் ரோட் நிலையத்தின் முன்னே மேடையில் ஏற்றப்பட்டது. 1892 முதல் 1975 வரை அந்நகரின் பெரிய நிலையத்து மேடையிலே நின்றது. 1925 இல் நடந்த நூற்றாண்டு விழா ஊர்வலத்திலும் அது ஓடிற்று. ஆனாற் கொதிகலன் முதுமை அடைந்துவிட்டபடியால், பின்வண்டியில் மறைத்துவைத்த பெற்றோல் இயந்திரமே அதனைத் தள்ளிற்று. புகைபோக்கியிற் புகை தோன்றுவதற்காக எண்ணெய் தோய்ந்த கந்தலை எரித்தனர்!

இன்று நாம் காணும் லொக்கொமோஷனிற் பல உறுப்புகள் 1825 இன் பின்னர் மாற்றப்பட்டவை. 1829 ஆம் ஆண்டு ரெயின்ஹில் போட்டியில் வென்ற 'ரொக்கெற்' இயந்திரமும் இத்தகையதே. போட்டியில் மஞ்சள் நிறத்தோடு ஓடிய அது, இன்று கறுத்த எலும்புக்கூடு போல நிற்கிறது. அதன் சாய்ந்த உருளைகளைச் சில ஆண்டுகளுள்ளே தாழ்த்திவிட்டனர். ஆகையால் இது போலியோ என்று சிலர் ஐயுறக்கூடும். அவ்வாறன்று. பிறந்தநாளில் இருந்த கோலத்தைக் காட்டுதற்குப் புதிதாகச் செய்த பிரதிகள் இருக்கின்றன. 1975 இல் 150 ஆம் ஆண்டு விழாவுக்காகச் செய்த லொக்கொமோஷன் பிரதி, 2025 இல் இருநூறாம் ஆண்டு விழாவின்போதும் பழைய பாதையில் ஓடிற்று. பிரதி தொடக்கத்தைக் காட்டும். மூலமோ வாழ்ந்த வாழ்வு முழுவதையும் காட்டும். தழும்பும் ஒட்டும் அதன் வரலாற்றின் பக்கங்கள். அவற்றைச் சுரண்டி மெருகேற்றினால் வரலாற்றையே சுரண்டியதாகும்.

இனி, பிணக்கின் கதையைச் சொல்லுவோம். டார்லிங்டனும் ஷில்டனும் பத்து மைல் தூரத்துக்குள் அமைந்த அயலூர்கள். லொக்கொமோஷன் தேசியச் சேகரிப்பைச் சேர்ந்தது. டார்லிங்டன் நூதனசாலையில் அது கடனாகவே இருந்தது. அக்கடன் முடியும் தறுவாயில், 2020 ஆம் ஆண்டில், அதனை ஷில்டனிலுள்ள தேசிய நூதனசாலைக்கு மாற்றப்போவதாகச் செய்தி வந்தது. டார்லிங்டன் மக்கள் கொதித்தெழுந்தனர். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் ஊரில் நின்ற பொருள். பாட்டன் காட்ட மகன் கண்டு, மகன் காட்டப் பேரன் கண்ட பொருள். அதனை விட்டுக்கொடுப்பதா என்றனர். ஷில்டனுக்கும் நியாயம் இருந்தது. 1825 இல் லொக்கொமோஷன் தன் வரிசையை இழுத்துப் புறப்பட்டது ஷில்டனிலிருந்தே. ஹக்வேர்த் அதனைப் பேணியதும் அங்கேயே. அவ்வூரின் பெருந்தொழிலாக இருந்த வண்டித் தொழிற்சாலை 1984 இல் மூடப்பட, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். 2004 இல் அங்கே திறந்த நூதனசாலை, வாடிய ஊருக்குத் தன் மதிப்பை மீட்டுத் தந்தது. முடிவில் 2021 இல் இரு தரத்தாரும் உடன்பட்டு, இயந்திரம் ஷில்டனுக்குச் செல்வதும், இடையிடையே டார்லிங்டனுக்கு வருவதும் என்று தீர்த்துக்கொண்டனர். ஹக்வேர்த் செய்த 'சான்ஸ் பரேய்' இயந்திரமும், அதனை ரெயின்ஹில்லில் வென்ற ரொக்கெற்றும் இன்று அதே ஷில்டனிற் காட்சிக்கு உள்ளன. டார்லிங்டனில், 2024 இற் புதுப்பித்துத் திறந்த ஹோப்டவுன் நூதனசாலையிலே, அந்நகரத்தார் 1845 இற் செய்த 'டேர்வென்ற்' நிற்கிறது.

இப்பிணக்கை நாம் சிறுபிள்ளைச் சண்டையென்று ஒதுக்கலாகாது. இயந்திரம் வேண்டாம் என்று இரண்டு ஊர்களும் கைகழுவியிருந்தால் அதுவே வருந்தத்தக்கது. பொருளின் உரிமை அரசினதாயினும், அதன் உயிர் ஊராரின் நினைவிலே இருக்கிறது என்பதை அவர்கள் காட்டினர். போனபின் மீட்டுக்கொள்ளுதல் எளிதன்று என்பதையும் அதே டார்லிங்டன் காட்டுகிறது. 1948, 1949 ஆம் ஆண்டுகளிற் செய்த ஏ1 வகை விரைவு இயந்திரங்கள் 49 இல் ஒன்றேனும் எஞ்சவில்லை. அனைத்தும் பழைய இரும்பாயின. அக்குறையைத் தீர்க்க அன்பர்கள் சிலர் 1990 இற் பணம் திரட்டத் தொடங்கி, டார்லிங்டனிலே 'டொர்னேடோ' என்னும் புதிய இயந்திரத்தைச் செய்து முடித்தபோது ஆண்டு 2008 ஆயிற்று. ஒன்றைக் காப்பாற்றி வைக்கத் தவறியதற்கு விலை பதினெட்டு ஆண்டு உழைப்பு.

நம் நாட்டுக்கும் இதிலே பாடம் உண்டு. கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதலாவது புகையிரதம் ஓடியது 1864 டிசெம்பர் 27 ஆந் திகதி. சரியாக 150 ஆண்டுகள் கழித்து, 2014 இல் அதே நாளில், கடுகண்ணாவையிலே தேசியப் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. மலையேறும் பாதையின் உச்சிக்கு அண்மையில், இயந்திரங்கள் மூச்சிரைத்து ஏறிய அந்த இடத்திலேயே அது அமைந்தது பொருத்தமே. 2004 டிசெம்பர் 26 இற் பெரலியவில் ஆழிப்பேரலை வாரிச்சென்ற புகையிரதத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதனை இழுத்த 'மனிற்றோபா' என்னும் கனடிய இயந்திரம் மீண்டும் திருத்தப்பட்டு, நினைவு நாள்களில் அவ்விடத்துக்குச் சென்று நின்றிருக்கிறது. அவ்வியந்திரத்தை வேறெங்கும் வெறும் இரும்பாகக் காணலாம். பெரலியவிலே யாராலும் அவ்வாறு காண இயலாது. வட பகுதியிலோ 1990 இன் பின்னர்த் தண்டவாளங்களே பெயர்க்கப்பட்டன. 2014 இற் புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வந்தபோது, புகையிரதத்தையே கண்டிராத ஒரு தலைமுறை அதனைப் பார்க்க நின்றது. பாதையை மீண்டும் இடலாம். பழைய நிலையங்களில் இருந்த மணியையும், விளக்கையும், கைகாட்டியையும், அவற்றை இயக்கியவரின் பெயர்களையும் மீண்டும் செய்ய இயலாது.

ஆகவே, எஞ்சியிருப்பவற்றைத் தேடிப் பேணுவது புகையிரதப் பகுதியாரின் கடமை மட்டுமன்று. அவ்வவ்வூர்ப் பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் அதிற் பங்குண்டு. நிலையத்திலே பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் ஊரில் இருந்தால், மாணவர் அவரிடம் சென்று கேட்டு எழுதி வைக்கலாம். பில்லி என்ற இயந்திரத்தின் வயதை அறிய அறிஞருக்கு இருநூறு ஆண்டு கழிந்தும் இரும்பு துணைநின்றது; மனிதரின் நினைவு அத்துணைக் காலம் காத்திருக்காது.